இரண்டு விரல் விட்டு வெட்டவும்

அத்தியாயம் ஒன்பது

ஜீப் ஒருவழியாகச் சொந்தக் காலில் நின்றது.

மூன்று மாதத்துக்கு முன்னால் மாட்டு டாக்டரம்மா அதைக் கயிறு கட்டி இழுத்து வந்தபோது, தரைத்தகட்டில் பூனை புகுந்து வரும் அளவுக்கு ஓட்டை இருந்தது. அப்பா துருவையெல்லாம் வெட்டி எறிந்து புதுத் தகடு வைத்துப் பற்றவைத்தார். பாப்பாவின் கணவன் தொய்ந்துபோன ஸ்பிரிங் பட்டைகளை ஒவ்வொன்றாகக் கழற்றி, வளைவேற்றி, வண்டியை மூன்று அங்குலம் உயர்த்தினான். பாப்பா பெயின்ட் அடித்தாள். பக்கத்து அறையில் அம்மா தையல் மெஷினில் உட்கார்ந்து கூரைக்குத் துணி தைத்தாள்.

ஒரு வீடே சேர்ந்து ஒரு வண்டியைத் தூக்கி நிறுத்தியிருந்தது. அதில் இரண்டு பேர் ஒருவரோடு ஒருவர் ஒரு வார்த்தைகூடப் பேசிக்கொள்ளாமல்.

அப்பாவுக்கும் மருமகனுக்கும் பேச்சு இல்லாமல் பதினாலு மாதம் ஆகிறது. இந்த வீட்டுக்குள் வர வேண்டுமென்றால் பட்டறையைத் தாண்டித்தான் வர வேண்டும். பெண் பார்க்க வந்த அன்று அவன் பேசாமல் தாண்டி வந்திருக்கலாம். அப்பா அன்றுதான் முடித்து நிறுத்தியிருந்த வேனின் கதவை விரல் முட்டியால் தட்டிப் பார்த்தான். தட்டிவிட்டு, "இங்க பட்டி இருக்கு" என்றான்.

தகட்டைச் சுத்தியலால் சமன் செய்யப் பொறுமை இல்லாதவர்கள் பள்ளத்தில் அப்பி மறைக்கிற பசைக்குத்தான் பட்டி என்று பெயர். பட்டி வைக்காத டிங்கர் என்று முப்பது வருஷமாகப் பேரெடுத்தவரிடம் போய் இதைச் சொல்லலாமா?

சொன்னதுகூடப் பரவாயில்லை. அந்த இடத்தில் நிஜமாகவே கொஞ்சம் பட்டி இருந்தது. அதுதான் வினை.

அப்பா கல்யாணத்தை நிறுத்தவில்லை. முன்னால் நின்று நடத்தினார். பட்டறையில் பாதி இடம் கொடுத்தார். பேச்சை மட்டும் கொடுக்கவில்லை. வண்டியின் சட்டத்துக்கு மேலே இருப்பதெல்லாம் அப்பாவின் ராஜ்யம், சட்டத்துக்குக் கீழே மருமகனின் ராஜ்யம் என்று ஆகிப்போனது. "அந்தப் பையன்கிட்ட சொல்லு" என்று மேலிருந்தும், "உங்கப்பாகிட்ட சொல்லு" என்று கீழிருந்தும் வருவதையெல்லாம் பாப்பா சுமந்தாள். இருபத்தாறு வயதிலும் பாப்பா என்றே கூப்பிடப்படுகிறவளுக்கு வேறு என்ன வேலை கொடுப்பார்கள்?

இன்று காலை குழாயடியில் அவள் பிரஷ் கழுவிக்கொண்டிருந்தபோது அவன் பக்கத்தில் வந்து குந்தினான்.

"சாயங்காலத்துக்குள்ள பதில் சொல்லணும்."

"தெரியும்."

"நல்ல கம்பெனி. வீடும் அவங்களே கொடுக்கறாங்க."

"எட்டு மணி நேரம் பஸ்ல போகணும்."

"ஆமா."

அவள் பிரஷை உதறினாள். சாம்பல் பச்சைத் துளிகள் அவன் சட்டையில் தெறித்தன. அவன் துடைக்கவில்லை.

"எனக்கு இங்கேருந்து போகணும்னு ஆசையா என்ன? உங்கப்பா மாதிரி ஒரு கைய நான் எங்கயும் பார்த்ததில்ல. ஆனா காலைல எழுந்ததுலேருந்து ஒரு மனுஷன் என் முதுகுக்குப் பின்னால இருக்கற சுவரைப் பார்த்தே பேசினா, நானும் எத்தனை நாள் சுவராவே இருக்கறது?"

இந்த வேலை விஷயத்தை அவள் வீட்டில் யாரிடமும் சொல்லவில்லை. சொன்னால் அப்பா முகத்தைப் பார்க்க வேண்டும். அந்தத் தைரியம் அவளுக்கு வரவில்லை.

"இன்னைக்கு டாக்டரம்மா வண்டியை எடுக்கட்டும். அப்புறம் பேசலாம்" என்றாள்.

"அப்புறம்னா எப்போ?"

"நாலு மணிக்கு மேல."

அவன் சிரித்தான். "உங்கப்பா பொண்ணுதான் நீ. எதையும் தள்ளித் தள்ளியே சமன் பண்ணுவே."

ஒன்பது மணிக்கு வண்டியைச் சோதித்துப் பார்த்தார்கள். முன்பக்கம் இடது சக்கரத்தை மட்டும் மரக்கட்டைகளை அடுக்கி அதன் மேல் ஏற்ற வேண்டும். கரடுமுரடான பாதையில் ஒரு சக்கரம் மேலே ஏறினால் பட்டை எவ்வளவு அமுங்குகிறது, டயர் எங்கே போய் நிற்கிறது என்று அப்போது தெரியும். அவன்தான் ஓட்டினான். அப்பா கையைக் கட்டிக்கொண்டு வாசலருகே நின்றார்.

முதல் கட்டை. இரண்டாவது. மூன்றாவது கட்டையில் சக்கரம் ஏறும்போது வண்டி மெத்தை போல அமுங்கியது. பாப்பாவுக்குப் பெருமையாக இருந்தது.

அப்புறம் அந்தச் சத்தம்.

தகரடப்பாவைக் காலால் மிதித்தது போன்ற சத்தம். டயர் மேலே வந்து மட்கார்டின் விளிம்பில் இடித்து, அப்பா மடித்து மடித்துக் கத்தி போல நேராக்கிய ஓரத்தை மேல் பக்கமாகத் திருகிவிட்டது. நேற்று அடித்த பெயின்ட் செதில் செதிலாக உதிர்ந்தது.

இன்ஜின் நின்றது. பக்கத்து அறையில் தையல் மெஷினும் நின்றுவிட்டது.

அப்பா வந்து விளிம்பைத் தடவிப் பார்த்தார். பன்னிரண்டு நாள் வேலை அது.

"பாப்பா, வெட்டச் சொன்ன மாதிரிதானே வெட்டினேன்? அந்தப் பையனைக் கேளு."

"பாப்பா, நான் ரெண்டு விரல் விட்டு வெட்டச் சொன்னேனா இல்லையா? உங்கப்பாவைக் கேளு."

"ரெண்டு விரல் விட்டுத்தான் வெட்டினேன்!" என்றார் அப்பா மரக்கட்டையைப் பார்த்து.

"விட்டிருந்தா ஏன் இடிக்குது?" என்றான் அவன் ஸ்டியரிங்கைப் பார்த்து.

பாப்பாவுக்கு அந்த நாள் நன்றாக ஞாபகம் இருந்தது. டயர் எவ்வளவு உயரம் வரும் என்று பார்த்து, மட்கார்டில் சாக்பீஸால் அவன்தான் வளைவாகக் கோடு போட்டான். "கோட்டுக்கு ரெண்டு விரல் விட்டு வெட்டச் சொல்லு" என்று அவளிடம் சொல்லிவிட்டுப் போனான். அப்பா அப்போது வெல்டிங்கில் இருந்தார். அவள் கோட்டுக்குப் பக்கத்திலேயே எழுதி வைத்தாள்: இரண்டு விரல் விட்டு வெட்டவும்.

கழுத்தில் அளவு நாடாவோடு அம்மா எட்டிப் பார்த்தாள். விஷயத்தைக் கேட்டாள்.

"சரியாத்தானே வெட்டியிருக்கார்? ரெண்டு விரல் விட்டு வெட்டுன்னா, மடிச்சுத் தைக்க ரெண்டு விரல் துணி விட்டு வெட்டணும். கோட்டுல மடிப்பு வரணும். எந்தக் கடையில வேணாலும் கேட்டுப் பாரு."

"அதேதான்!" என்றார் அப்பா. "கோட்டுக்குக் கீழ ரெண்டு விரல் தகடு விட்டு வெட்டி, உள்ள மடிச்சேன். கோடு போட்ட இடத்துல விளிம்பு நிக்குது."

வண்டியிலிருந்து அவன் மெல்ல இறங்கினான்.

"அத்தை, கோடு வரைக்கும் டயர் வரும். அதுக்கு மேல ரெண்டு விரல் சந்து விடணும். அதைத்தான் விட்டு வெட்டுன்னு சொன்னேன்."

தகட்டைக் கையாளுகிறவருக்கு விடுவது என்றால் இரும்பை விடுவது. பட்டையைக் கையாளுகிறவனுக்கு விடுவது என்றால் காற்றை விடுவது. நேருக்கு நேர் ஒரு தடவை, "எந்தப் பக்கம்?" என்று கேட்டிருந்தால் தீர்ந்திருக்கும்.

"நாலு பேர் இருக்கற வீட்டுல இதைக் கேட்கறதுக்கு ஒரு வாய் இல்லை" என்று சொல்லிவிட்டு அம்மா போய்விட்டாள். மெஷின் முன்பைவிட வேகமாக ஓடியது.

பத்து மணிக்கு அப்பா பெயின்ட் டப்பாக்களுக்கு நடுவே வந்து நின்றார்.

"பாப்பா, அவன் மனசு நொந்து போயிடப் போகுது. பட்டையில கை வைக்க வேண்டாம்னு சொல்லு. நான் மட்கார்டை வெட்டிடறேன்."

"நாலு மணிக்குள்ள முடியுமாப்பா? ரெண்டு பக்கமும் வெட்டணுமே."

"முடியலன்னா..." அப்பா தொண்டையைச் செருமினார். "கொஞ்சம் பட்டி வச்சு முடிச்சிடறேன். என்ன இப்போ?"

அவள் நிமிர்ந்து பார்த்தாள். அவர் ஏதோ ஒரு டப்பாவின் மூடியைத் திருகிக்கொண்டிருந்தார்.

அவர் போய் இரண்டு நிமிஷம்கூட ஆகவில்லை. பின்பக்கமாக அவன் வந்தான்.

"உங்கப்பாகிட்ட மட்கார்டைத் தொட வேணாம்னு சொல்லு. நான் கீழ இன்னொரு பட்டை சேர்த்து முறுக்கிடறேன். அமுங்காது, இடிக்காது."

"வண்டி கட்டை மாதிரி தூக்கிப் போடுமே! அதுக்காகத்தானே டாக்டரம்மா இங்க கொண்டு வந்தாங்க? மலைப்பாதையில மருந்து பாட்டிலெல்லாம் உடையுதுன்னு?"

"உடைஞ்சா உடையட்டும். பன்னிரண்டு நாள் அந்த மனுஷன் குனிஞ்ச முதுகு நிமிரலை. அதை நான் வெட்டச் சொல்லணுமா?"

பாப்பா ஒருவர் சொன்னதை இன்னொருவரிடம் கொண்டுபோகக் கிளம்பினாள். மூன்றடி நடந்தாள். நின்றாள்.

அப்படியே பட்டறையின் நடுவில், ஜீப்பின் மூக்குக்கு முன்னால் போய் ஒரு கவிழ்த்த வாளியின் மேல் உட்கார்ந்துகொண்டாள்.

"அப்பா, இங்க வாங்க. நீங்களும் வாங்க."

இருவரும் வந்தார்கள், ஆளுக்கொரு மட்கார்டின் பக்கம்.

"நான் இனிமே சேதி கொண்டுபோக மாட்டேன்" என்றாள். அவள் உரக்கப் பேசிப் பழகியவள் இல்லை. "நான்தான் தப்பா எழுதினேன். எனக்கு உங்க ரெண்டு பேர் பாஷையும் அரைகுறைதான். இனிமே யார்கிட்ட என்ன சொல்லணுமோ அவங்கவங்களே சொல்லிக்கோங்க. நான் பெயின்ட் கலக்கப் போறேன்."

"பாப்பா..." என்றார் அப்பா.

"எனக்குக் காது கேட்கலை."

அவள் நிஜமாகவே எழுந்து போய்விட்டாள். முதுகைக் காட்டிக்கொண்டு பெயின்ட் கலக்கினாள். கலக்க வேண்டியதைவிட ரொம்ப நேரம் கலக்கினாள்.

பின்னால் யாரோ ஒரு சுத்தியலை எடுத்து வைத்தார்கள், யாரோ ஒரு ஸ்பானரை எடுத்து வைத்தார்கள்.

பிறகு அப்பாவின் குரல், யாருக்கென்று இல்லாமல்: "கிரைண்டர் இருந்தா நல்லா இருக்கும்."

"இந்தா இருக்கு."

"வெட்டறதுக்கு முன்னாடி கோடு எங்கேன்னு ஒரு தடவை பார்த்துக்கலாம்."

"பார்த்தாச்சு. கோட்டுக்கு மேல ரெண்டு விரல் காலியா இருக்கணும்."

"விளிம்பு மொட்டையா நின்னா கையைக் கிழிக்கும். உள்ள கம்பி வச்சுச் சுருட்டணும்."

"சுருட்ட எவ்வளவு தகடு போகும்?"

"ஒரு விரல்."

"அப்போ கோட்டுக்கு மேல ஒரு விரல்ல வெட்டி, ஒரு விரலைச் சுருட்டினா..."

"...ரெண்டு விரல் காலியாயிடும்."

கணக்கு சரியாக வந்ததில் இருவருக்குமே ஒரு திருப்தி. காட்டிக்கொள்ளத்தான் மனசில்லை.

நீ என்று சொல்ல அப்பாவுக்கு மனம் வரவில்லை. நீங்க என்று சொல்ல வாய் வரவில்லை. அவனுக்கும் மாமா என்று கூப்பிடத் தயக்கம். அதனால் இரண்டு பேருமே ஆளே இல்லாத பேச்சாகப் பேசினார்கள். பிடிச்சாச்சு, வெட்டலாம், கொஞ்சம் தள்ளினா தேவலை, தண்ணி குடிச்சாச்சா. வேலையெல்லாம் தானாக நடப்பது போலவும் அங்கே மனிதர்களே இல்லாதது போலவும் இருந்தது. பாப்பா உதட்டைக் கடித்துச் சிரிப்பை அடக்கினாள்.

சுருட்டும் வேலைக்கு இரண்டு ஆள் வேண்டும். மேலே ஒருவர் சுத்தியலால் தட்டினால், அதே இடத்தில் அடியிலிருந்து இன்னொருவர் இரும்புக்கட்டையை அண்டக் கொடுக்க வேண்டும். கட்டை ஒரு விரற்கடை நகர்ந்தாலும் தகடு பள்ளமாகிவிடும். எப்போதும் பாப்பாதான் பிடிப்பாள். இன்று அவன் சக்கரத்துக்கு அடியில் மல்லாந்து படுத்துப் பிடித்தான்.

தட். தட். தட்.

"இன்னும் கொஞ்சம் இடது பக்கம்."

தட்.

"அங்க இல்லை... ஆங், அதேதான். அசையக் கூடாது."

தட். தட்.

பத்து தட்டுக்குப் பிறகு அப்பா சொல்வதை நிறுத்திவிட்டார். சுத்தியல் போகிற இடத்துக்குக் கட்டை ஒரு நொடி முன்னதாகவே போய்க் காத்திருந்தது. சத்தம் மாறியது. வெறுந்தகட்டின் கரகரப்பு போய், மணி போல ஒரே சீராக வந்தது. பாப்பா கலக்குவதை நிறுத்திவிட்டுக் கேட்டாள்.

சாப்பாட்டு நேரம் தாண்டியும் யாரும் எழவில்லை. அம்மா இரண்டு தட்டோடு வந்தாள். பார்த்தாள். தட்டுகளை பானட்டின் மேல் அருகருகே வைத்துவிட்டுப் போனாள். வழக்கமாக ஒன்று பெஞ்சுக்குப் போகும், ஒன்று ஜன்னலுக்குப் போகும்.

அவர்கள் நின்றுகொண்டே சாப்பிட்டார்கள். அப்பா தண்ணீர்ச் செம்பை எடுத்துக் குடித்துவிட்டு, கீழே வைக்காமல் அவன் பக்கம் நீட்டினார். நீட்டிய பிறகுதான் அவருக்கே தெரிந்தது போலிருந்தது. அவன் வாங்கிக்கொண்டான்.

மூன்று மணிக்கு இரண்டு மட்கார்டுகளும் முடிந்தன. ஒரு சிட்டிகை பட்டி வைக்கவில்லை. பாப்பா விளிம்புகளுக்குப் பெயின்ட் அடித்து வெயிலில் நிறுத்தினாள்.

நாலு மணிக்கு டாக்டரம்மா ஒரு பெட்டி நிறையக் கண்ணாடி பாட்டில்களோடு வந்து சேர்ந்தார். "இதுல ஒண்ணு உடைஞ்சாலும் வண்டியை இங்கயே விட்டுட்டு நடந்து போயிடுவேன்" என்றார். சிரித்துக்கொண்டுதான் சொன்னார், ஆனால் பெட்டியைத் திறந்து எண்ணிப் பார்த்தும் வைத்துக்கொண்டார்.

பட்டறைக்குப் பின்னால் பழைய கல்குவாரிக்குப் போகும் பாதை இருக்கிறது. டாக்டரம்மா ஓட்டினார். பக்கத்தில் பாப்பா. பின்னால் எதிரும் புதிருமாக இருந்த பலகைகளில் அப்பாவும் அவனும், முழங்காலும் முழங்காலும் இடிக்க. பாட்டில் பெட்டி அவர்கள் காலடியில்.

முதல் பள்ளத்தில் வண்டி சாய்ந்தது. இடது சக்கரம் ஒரு பாறையின் மேல் ஏறியது. பாப்பா மூச்சைப் பிடித்துக்கொண்டாள். காலையில் கேட்ட அந்தச் சத்தத்துக்காக உடம்பே காத்திருந்தது.

சத்தம் வரவில்லை. வண்டி அமுங்கி, மூச்சு விட்டது போல மேலே வந்தது. பாட்டில்கள் தங்களுக்குள் மெதுவாகக் கலகலத்துக்கொண்டன.

அவள் திரும்பிப் பார்த்தாள். சாய்ந்த வேகத்தில் அப்பா பிடித்துக்கொள்ள எதுவும் கிடைக்காமல் அவன் தோளைப் பிடித்திருந்தார். வண்டி நேரானது. பாதையும் நேரானது. அப்பா கையை எடுக்கவில்லை.

திரும்பி வந்து இறங்கியதும் அவன் குனிந்து மட்கார்டுக்கு அடியில் கையை விட்டுத் தடவினான். பாப்பாவும் பக்கத்தில் குனிந்தாள்.

"கீறல்கூட இல்லை" என்றான். பிறகு குரலைத் தாழ்த்தி, "கம்பெனிக்குப் போன் பண்ணி வேணாம்னு சொல்லிடறேன்."

"நிஜமாவா?"

"உங்கப்பா சுத்தியல் சத்தத்தைக் கேட்டுட்டு வேற எங்கயாவது போய் நான் எப்படி வேலை செய்வேன்?"

அவளுக்கு அங்கேயே, சேற்று டயரைக் கட்டிக்கொண்டு அழ வேண்டும் போலிருந்தது. அழவில்லை. பின்னால் டாக்டரம்மா பாட்டில்களை எண்ணிக்கொண்டிருந்தார்.

"எல்லாம் இருக்கு!" என்று பெட்டியை மூடினார் டாக்டரம்மா. "பால் பண்ணையில இதே மாதிரி ரெண்டு வண்டி துருப்பிடிச்சு நிக்குது. இதே உயரம், இதே மாதிரி மெத்துன்னு வேணும். என்னைக்குக் கொண்டு வரட்டும்?"

பாப்பா வாயைத் திறப்பதற்குள் அப்பா முந்திக்கொண்டார்.

"மேல் வேலைக்கு என்னைக்கு வேணாலும் கொண்டு வாங்க டாக்டர். பட்டை வேலைக்குத்தான் வேற ஆள் பார்க்கணும். மாப்பிள்ளை திங்கக்கிழமை வெளியூர் போறாரு."

பாப்பா அப்படியே நின்றாள். மாப்பிள்ளை என்று அப்பா சொல்லி அவள் கேட்டதே இல்லை. போறாரு என்ற மரியாதையையும் கேட்டதில்லை. இரண்டும் முதல் தடவையாக ஒரே மூச்சில் வந்திருந்தன.

"அப்பா... உங்களுக்கு யார் சொன்னது?"

"நேத்து அந்தக் கம்பெனிக்காரங்க பட்டறை போனுக்குக் கூப்பிட்டாங்க. உன் புருஷன் எப்படிப்பட்ட ஆளுன்னு கேட்டாங்க." அப்பா கைத்துணியால் விரல்களை ஒவ்வொன்றாகத் துடைத்தார். "நல்ல வேலையாம். வீடும் கொடுக்கறாங்களாம். என்னால உங்களுக்கு அது கெட்டுப் போகக் கூடாது பாரு. கை சுத்தம், வேலை சுத்தம், இப்படி ஒருத்தர் என் பட்டறையில நின்னதில்லைன்னு சொன்னேன். அவங்களுக்குச் சந்தேகம். வருவாரா மாட்டாரான்னு இழுத்தாங்க. திங்கக்கிழமை காலைல அங்க இருப்பாரு, அதுக்கு நான் பொறுப்புன்னு வாக்குக் கொடுத்துட்டேன்."

அப்பா கொடுத்த வாக்கைத் திருப்பி வாங்கி இந்த வீட்டில் யாரும் பார்த்ததில்லை.

சக்கரத்தருகே குனிந்திருந்தவன் மெல்ல எழுந்து நின்றான். ஒரு கையில் இன்னும் சேறு. வெயில் நேராக முகத்தில் விழ, அவன் கண்ணைச் சுருக்கிக்கொண்டு அவரைப் பார்த்தான்.

"என்னை ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமே மாமா?"

அப்பா முதல் தடவையாகச் சுவரைப் பார்க்காமல் அவன் முகத்தைப் பார்த்தார்.

"எப்படிப்பா கேட்கறது?" என்றார். "நேத்து நமக்குள்ள பேச்சு இல்லையே."